ஊர்க் கல்லறையிலிருந்து குடும்ப வரலாறு: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் நாலைந்து கற்களை வைத்துக்கொண்டு குடும்பத்தின் வம்சாவளியைத் தொகுக்க முனைபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. இம்மாவட்டத்தின் கிராமக் கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலானவை தேவாலயங்களைச் சேர்ந்தவை என்பதால் பதில்களும் அந்தப் பக்கமே அதிகம் சாய்கின்றன. மற்றவர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு.

எங்க ஆளுக கல்லறை எல்லாம் ஒரே இடத்துலதான் கிடக்கு. எதுலேர்ந்து தொடங்கணும்?

கல்லறையிலிருந்து அல்ல, வீட்டிலிருந்து. உயிரோடு இருப்பவர்களில் மூத்தவரை முதலில் பிடியுங்கள். உங்களிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு தலைமுறையாக எழுதுங்கள். ஒருவருக்கு ஒரு பக்கம்: பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், வீட்டுப்பேர், அப்பா, அம்மா, அம்மா பிறந்த ஊர், பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், இறப்பு, அடக்கம் செய்த இடம். ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே அதை யார் சொன்னது, எதில் பார்த்தது என்று குறியுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத நோட்டை ஆறு மாதம் கழித்து எழுதியவரே நம்பமாட்டார்.

வயதானவர்களிடம் “எந்த வருசம்?” என்று கேட்டால் பதில் வராது. “99 வெள்ளத்துக்கு முன்னாலயா பின்னாலயா?”, “புதுக்கடை துப்பாக்கிச் சூடு சமயத்துல பாட்டா இருந்தாரா?”, “தமிழ்நாட்டோட சேந்தப்ப அத்தைக்குக் கல்யாணம் ஆயிருந்துதா?” என்று கேளுங்கள். வெள்ளம் 1924 ஜூலை, துப்பாக்கிச் சூடு 1954 ஆகஸ்ட் 11, இணைப்பு 1956 நவம்பர் 1. இந்த மூன்று ஆணிகளில் பெரும்பாலான குடும்பக் கதைகளை மாட்டிவிடலாம்.

பேரும் அப்பா பேரும் தெரிஞ்சா போதாதா? வீட்டுப்பேரு எதுக்கு?

போதாது. இங்கே பாட்டாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். ஞானமுத்து மகன் வேதமாணிக்கம், வேதமாணிக்கம் மகன் ஞானமுத்து, அவர் மகன் மறுபடி வேதமாணிக்கம் என்று போகும். அண்ணன் தம்பி இருவரும் தங்கள் மூத்த மகனுக்கு ஒரே பெயரை வைத்திருப்பார்கள். முதலெழுத்தும் ஒன்றாகவே இருக்கும். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் மூன்று கல் இருந்தால் அவர்களைப் பிரித்துக் காட்டுவது வீட்டுப்பேர்தான்.

அந்தப் பேர் பெரும்பாலும் நிலத்தின் பேர்: இன்ன விளை, இன்ன விளாகம், இன்ன கோணம். அதே பேர் நிலப் பிரமாணத்திலும் (பத்திரத்திலும்) இருக்கும், சபைப் பதிவேட்டிலும் இருக்கும். கல்லையும் காகிதத்தையும் இணைக்கும் கொக்கி அதுதான். ஆளைத் தேடுவதைவிட விளையைத் தேடுவது வேகமான வழி. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தனி வீடு கட்டிப் பக்கத்து விளைக்குப் போன மகனுக்கு அடுத்த தலைமுறையில் வீட்டுப்பேர் மாறிவிடும். அப்படி மாறிய இடத்தில் பழைய பேர், புதிய பேர் இரண்டையும் எழுதுங்கள்.

கல்லறைத் தோட்டத்துல போய் என்னென்ன குறிக்கணும்?

முதலில் வரைபடம். கட்டம் போட்ட தாளில் வாசல், குருசடி (சிலுவை நட்ட மேடை), மதில், பெரிய மரம் ஆகியவற்றைக் குறித்துவிட்டு, வரிசைக்கு எழுத்தும் கல்லறைக்கு எண்ணும் கொடுங்கள்: அ1, அ2, ஆ1. எழுத்தே இல்லாத மேடுகளுக்கும் எண் வேண்டும். நீளம் குறைந்த மேடுகள் பெரும்பாலும் குழந்தைகளுடையவை. தவறாமல் குறியுங்கள், அந்தப் பிள்ளைகளைப் பற்றி வீட்டில் யாரும் பேசியிருக்கமாட்டார்கள்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று படம்: முழுக் கல்லறை, எழுத்து மட்டும் நெருக்கமாக, பக்கத்துக் கல்லறைகளும் தெரியும்படி ஒன்று. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். யார் யார் அருகில் கிடத்தப்பட்டார்கள் என்பது பல சமயம் கல்லில் எழுதாத உறவைச் சொல்லும். எழுத்தைப் படியெடுக்கும்போது வரிக்கு வரி, பிழைக்குப் பிழை அப்படியே எழுதுங்கள். புரியாத எழுத்துக்குப் புள்ளி வையுங்கள். ஊகத்தை வேறு நிறப் பேனாவில் எழுதலாம்.

எழுத்து தேஞ்சு போச்சு. ஆசிட் போட்டு கழுவலாமா?

கூடாது. ஆசிட், பிளீச்சிங் பவுடர், கம்பி பிரஷ் மூன்றும் கல்லின் மேல்தோலை உரித்துவிடும். எழுத்து இருப்பது அந்தத் தோலில்தான். பழைய கல்லறைகளில் பல சுண்ணாம்புக் காரையில் எழுதியவை, அவை நகம் பட்டாலே உதிரும்.

முதலில் வெளிச்சத்தை மாற்றிப் பாருங்கள். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்துக்கோ சாய்ந்த வெயிலில் குழிந்த எழுத்து நிழல் பிடித்து எழும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. மர நிழலில் கிடக்கும் கல்லுக்கு ஒருவர் முகக் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிவிட மற்றவர் படம் எடுக்கலாம். கண்ணாடி இல்லையென்றால் செல்போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். கருங்கல்லாக இருந்தால் வெறும் தண்ணீர் தெளித்து, மேல்பரப்பு காய்ந்து குழிவில் மட்டும் ஈரம் நிற்கும் நேரத்தில் படம் எடுக்கலாம். காரைக் கல்லறைக்குத் தண்ணீரும் வேண்டாம், பெயின்ட் அடிக்கும் மென்மையான பிரஷால் தூசி தட்டினால் போதும்.

வருசா வருசம் வெள்ளையடிச்சு எழுத்தே மூடிப் போச்சே?

கல்லறைத் திருநாளுக்காக நவம்பர் 2-க்கு முந்தின வாரம் அடிக்கும் சுண்ணாம்பு ஆண்டுக்கு ஒரு படலமாக ஏறி எழுத்தை அடைத்துவிடுகிறது. கருங்கல் பலகையில் மட்டும், மூங்கில் சீவலால் எழுத்தின் குழிவுக்குள் மெதுவாகக் கிளறி எடுக்கலாம். அதுவும் குடும்பத்தார், சபையார் சம்மதத்தோடுதான். காரை மீது அடித்த வெள்ளையை உரித்தால் காரையும் சேர்ந்து வரும், அதை விட்டுவிட்டுப் பதிவேட்டுக்குப் போங்கள். இனிமேல் அடிக்கும்போது எழுத்துள்ள பலகையைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

கல்லுல “1075 ஆவணி” இருக்கு. ஆயிரம் வருசப் பழசா?

இல்லை, அது கொல்லம் ஆண்டு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தவை. பிரமாணம், பதிவேடு, கல் எல்லாவற்றிலும் கொல்லம் ஆண்டுதான் ஓடியது. ஆண்டு ஆவணி முதல் தேதி, அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கும். ஆவணியிலிருந்து மார்கழி நடுப்பகுதி வரை 824-ஐக் கூட்டுங்கள். மார்கழி நடுவிலிருந்து, அதாவது ஜனவரி 1 முதல், ஆடி முடிய 825-ஐக் கூட்டுங்கள். 1075 ஆவணி என்றால் 1899. அதே 1075 மாசி என்றால் 1900. மாதம் தெரியாமல் ஆண்டு மட்டும் இருந்தால் “1899–1900” என்று இரண்டையும் எழுதுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மேற்குப் பக்கத்துக் கற்களில் மலையாள மாதப் பெயர் வரும். சிங்கம் ஆவணி, கன்னி புரட்டாசி, துலாம் ஐப்பசி, விருச்சிகம் கார்த்திகை, தனு மார்கழி, மகரம் தை, கும்பம் மாசி, மீனம் பங்குனி, மேடம் சித்திரை, இடவம் வைகாசி, மிதுனம் ஆனி, கர்க்கடகம் ஆடி.

பெரிய குழி இங்கே ஒன்று இருக்கிறது. பேச்சிலும் சில கற்களிலும் ஆயிரத்தை விட்டுவிடுவார்கள். “99 வெள்ளம்” என்பதே 1099-தான். “பிறப்பு 72” என்பதை 1872 என்றோ 1972 என்றோ எடுத்துவிட்டால் ஒரு தலைமுறை தவறும். அது 1072, அதாவது 1896–97 ஆக இருக்கலாம். அதே கல்லில் இறப்பு எப்படி எழுதியிருக்கிறது, பிள்ளைகள் எப்போது பிறந்தார்கள் என்று ஒத்துப் பார்த்தே முடிவெடுங்கள்.

எண்ணே இல்ல, வெறும் எழுத்தா இருக்கு. “உ”, “அ” எல்லாம் என்ன?

தமிழ் எண்களாக இருக்கலாம். ௧ என்பது ‘க’ போலவும், ௨ ‘உ’ போலவும், ௭ ‘எ’ போலவும், ௮ ‘அ’ போலவும், ௰ ‘ய’ போலவும் தெரியும். பழைய முறையில் 1075 என்பது ௲௭௰௫: ஆயிரம், ஏழு பத்து, ஐந்து. அதையே ௧௦௭௫ என்று எழுதியவர்களும் உண்டு. ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள்.

எழுத்து வடிவமும் காலத்தைக் காட்டும். தும்பிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’, ‘ணா’ இருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் வெட்டிய கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதியாகச் சொல்ல முடியாது, பழகிய கை கொத்தன் அதற்குப் பிறகும் பழையபடியே வெட்டியிருப்பான்.

ஒரே கல்லறையில மூணு பேரு பேர் இருக்கு. மூணு பேரும் ஒரே சமயத்துல செத்தாங்களா?

அநேகமாக இல்லை. குடும்பக் கல்லறையைச் சில ஆண்டுகள் கழித்துத் திறந்து, பழைய எலும்புகளை ஓரத்தில் ஒதுக்கியோ தனிக் குழிக்கு மாற்றியோ அடுத்தவரை வைப்பது இடம் குறைந்த ஊர்களில் வழக்கம். எத்தனை ஆண்டு விடவேண்டும் என்பது பங்குக்குப் பங்கு, சபைக்குச் சபை மாறும். கடற்கரை ஊர்களில் மணல் குழிகள் கல்லே இல்லாமல் திரும்பத் திரும்பப் பயன்படும். ஆகவே கல்லில் கடைசிப் பெயர் மட்டும் இருந்தால் கீழே அவர் ஒருவர்தான் இருக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள்.

எந்தக் கோயில் புத்தகத்துல தேடணும்? இப்போ இருக்கிற கோயில் 1960-ல கட்டினதுதான்.

கோயில் பிரிவதற்கு முன் எந்தத் தாய்ச் சபையின் கீழ் இருந்தது என்று கேளுங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பக்கம், சிறு சபையின் பதிவேடு பெரும்பாலும் சேகரத்தின், அதாவது சில சபைகள் சேர்ந்த தொகுதியின், தலைமைச் சபையில் இருக்கும். மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் வந்து மயிலாடியில் தொடங்கிய லண்டன் மிஷன் சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையாகி, 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன. குமரிப் பேராயம் 1959-இல் தனியானது. புத்தகத்தின் அட்டையில் இந்த மூன்றில் எந்தப் பெயரும் இருக்கலாம். லண்டன் மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் லண்டனில் சோயாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. அவற்றில் போதகர், உபதேசியார் பெயர்கள் கிடைக்கும், சாதாரணக் குடும்பங்களின் பெயர் அரிது.

கத்தோலிக்கர் பக்கம், கோட்டாறு மறைமாவட்டம் 1930-இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது. குழித்துறை 2014-இல் கோட்டாற்றிலிருந்து பிரிந்தது. பங்குப் புத்தகம் பொதுவாகப் பங்கிலேயே இருக்கும். கிளைப் பங்காக இருந்த காலத்துக்குத் தாய்ப் பங்கில் தேடுங்கள்.

போதகர் கிட்ட, சாமியார் கிட்ட எப்படிக் கேக்கணும்? புத்தகத்தைக் காட்டமாட்டேங்கறாங்க.

“எங்க குடும்பத்தைப் பத்தி எல்லாம் வேணும்” என்று கேட்டால் யாரும் காட்டமாட்டார்கள். ஒரு தாளில் பெயர், அப்பா பெயர், வீட்டுப்பேர், ஐந்து ஆண்டு வரம்பு எழுதி, என்ன சடங்கின் பதிவு என்று குறிப்பிட்டுக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை, நோன்புக் காலம், அசன (சபை விருந்து) நாள் எல்லாம் தவிர்த்து வார நாளில் போங்கள். சி.எஸ்.ஐ. சபைகளில் சபைச் செயலரிடம் முன்கூட்டிச் சொல்லி வைப்பது நல்லது. உயிரோடிருப்பவர்களின் பதிவைக் காட்ட மறுத்தால் அது நியாயம், அதற்காக வாதாடவேண்டாம்.

அடக்கப் பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அந்த ஆளின் பிற்காலத் திருமணம் எந்த ஊரில் நடந்தது என்று குறித்திருப்பார்கள். காணாமல் போன மகளைப் பிடிக்க அதைவிட நேரான வழி இல்லை. ஞானப்பெற்றோர் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பல சமயம் அவர்கள் தாய்மாமன், அத்தை முறையாகவே இருப்பார்கள்.

வீட்டுல சூசைனு சொல்றாங்க. புத்தகத்துல அப்படி யாரும் இல்லியே?

பழைய பங்குப் புத்தகங்கள் சில லத்தீனில் எழுதியவை. சூசை அதில் யோசேபுஸ், இராயப்பன் பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ். பிரமாணத்தில் அதே ஆள் ஜோசப், பீட்டர், பால், ஜான் என்று வருவார். இந்தப் பெயர்கள் எல்லாவற்றையும் அவருடைய பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

எங்க பூட்டனுக்க பேரு வெள்ளைக்காரன் பேரு மாதிரி இருக்கு. எங்களுக்கு வெள்ளைக்கார வழி உண்டா?

பெயரை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. லண்டன் மிஷனின் விடுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உபதேசியார்களுக்கும் இங்கிலாந்தில் இருந்து பணம் அனுப்பிய உபகாரிகளின் பெயரை வைப்பது அந்தக் காலத்து வழக்கம். பிறகு அது பேரன் வரைக்கும் இறங்கியது. வேறு பதிவு எதுவும் இல்லாமல் வெள்ளைக்கார வழி என்று எழுதாதீர்கள்.

பொம்பிளைங்க பேரே எங்கயும் இல்ல. எப்படிக் கண்டுபிடிக்கறது?

இதுதான் இந்த வேலையில் அதிக நேரம் தின்னும் பகுதி. கல்லில் “இன்னார் மனைவி” என்று மட்டும் இருக்கும். சீதனம் கொடுத்துக் கட்டிக்கொடுத்துவிட்ட குடும்பங்களின் பாகப்பிரிவினைப் பிரமாணத்தில் மகன்கள் மட்டும் வரிசையாக நிற்பார்கள். அதைப் பார்த்து “மூன்று பிள்ளைகள்” என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. உண்மையில் ஏழு பேர் இருந்திருப்பார்கள். திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர்களுக்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று உச்சநீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்த பிறகு, சொத்தில் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து மகள்கள் கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரங்களைக் கேட்டு வாங்கும் பழக்கம் கூடியது. அவற்றில் மணமான பெண்களின் கணவர் பெயரும் ஊரும் இருக்கும்.

அதற்கு முந்தைய காலத்துக்குத் திருமணப் பதிவேடுதான் கதி. திருமணம் பெரும்பாலும் பெண் வீட்டுச் சபையில் நடந்திருக்கும் என்பதால் உங்கள் ஊர்ப் புத்தகத்தில் மருமகள்களின் திருமணம் கிடைக்காது, அவர்கள் பிறந்த ஊருக்குப் போகவேண்டும். முதல் கேள்வியில் “அம்மா பிறந்த ஊர்” எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

முறைப்பெண்ணைக் கட்டினதால ஒரே ஆளு ரெண்டு இடத்துல வருது. மரம் வரையவே முடியல.

வரைபடத்தை விட்டு எண்ணுக்கு வாருங்கள். பழைய ஆள் 1, அவர் பிள்ளைகள் 1-1, 1-2, பேரப்பிள்ளைகள் 1-2-1, 1-2-2. ஒருவருக்கு ஒரே எண்தான். அத்தை மகனைக் கட்டிய பெண்ணின் பக்கத்தில் கணவரின் எண்ணை எழுதினால் போதும், மறுபடி வரையவேண்டாம்.

கத்தோலிக்கர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நெருங்கிய உறவில் கட்ட விலக்கு வாங்கவேண்டும், அது எந்தப் படி என்று திருமணப் பதிவில் குறிக்கப்படும். 1918-இல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத்தின்படி மூன்றாம் படி வரை விலக்கு தேவைப்பட்டது, அதற்கு முன் நான்காம் படி வரை. இரண்டாம் படி என்றால் இருவருக்கும் பாட்டன் பொது, மூன்றாம் படி என்றால் பூட்டன் பொது, நான்கு என்றால் ஓட்டன் பொது. 1983-க்குப் பிறகு எண்ணும் முறையே மாறிவிட்டது. அதன்பின் “நான்காம் படி” என்பது பாட்டன் பொதுவான உறவு. ஒரு பழைய விலக்குக் குறிப்பு, யாரும் நினைவில் வைத்திராத ஒரு பூட்டன் இருந்ததைக் காட்டிக் கொடுக்கும்.

வேதத்துல சேர்றதுக்கு முன்னால என்ன பேரு? நாங்க கோயிலே இல்லாதவங்கன்னா என்ன செய்றது?

வயதுவந்தபின் ஞானஸ்நானம் பெற்றவரின் பதிவில் பழைய பெயரும் தகப்பன் பெயரும் சில சமயம் இருக்கும். அதற்குமேல் போகப் பிரமாணங்கள்தான். அய்யாவழிக் குடும்பங்களிலும், சொந்த விளையிலேயே அடக்கம் செய்யும் மற்றக் குடும்பங்களிலும் எழுத்துள்ள கல் அரிது. அங்கே அந்த நிலத்தின் கைமாற்ற வரிசையே வம்சாவளி. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர், நாயர் போன்ற மருமக்கள் வழிக் குடும்பங்களில் 1920-கள் வரை சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்கு இறங்கியது. பிரமாணத்தில் அடுத்து வரும் பெயரை மகன் என்று எழுதிவிடக்கூடாது.

பிரமாணம் மலையாளத்துல இருக்கு. யார்ட்ட குடுக்க?

பழைய ஆவண எழுத்தர்கள் படிப்பார்கள். முழுதையும் மொழிபெயர்க்கச் சொல்லிக் காசைக் கொட்டவேண்டாம். எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர், அவரவர் தகப்பன் பெயர், வயது, வீட்டுப்பேர், புரையிடத்தின் (வீட்டு மனையின்) பெயர், முன் பிரமாணத்தின் எண்ணும் ஆண்டும், நான்கெல்லை இவை போதும். நான்கெல்லையில் பக்கத்து நிலக்காரராக வருபவர் பெரும்பாலும் அண்ணனோ சித்தப்பாவோதான். முன் பிரமாண எண்ணைக் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுப் போட்டு அடுத்த படிக்குப் போகலாம்.

கல்லுல ஒரு தேதி, புத்தகத்துல ஒரு தேதி. எதை நம்ப?

இறப்புக்கு அடக்கப் பதிவேட்டை. அது அன்றோ மறுநாளோ எழுதியது. கல்லைப் பிள்ளைகள் கையில் காசு வந்தபின் பத்து ஆண்டு கழித்தும் வைத்திருக்கலாம். பிறப்புக்கு ஞானஸ்நானப் பதிவேட்டை. பள்ளிச் சான்றிதழின் பிறந்த தேதியைக் கடைசியில் வையுங்கள், பள்ளியில் சேர்க்க வயது பொருந்துமாறு வாத்தியாரே போட்ட தேதிகள் ஏராளம். ஒரு நாள் வித்தியாசம் என்றால் புத்தகத்தில் இருப்பது அடக்கம் செய்த நாளா என்று பாருங்கள். ஓராண்டு வித்தியாசம் என்றால் கொல்லம் ஆண்டை மாற்றியதில் 824-க்குப் பதில் 825 கூட்டியிருக்கலாம்.

கல்லறையைப் படம் எடுத்துக் குடுத்தா வாரிசுச் சான்றுக்கு ஏத்துக்குவாங்களா?

இறப்புச் சான்றுக்குப் பதிலாக ஏற்கமாட்டார்கள். இறப்பு பதிவாகாமல் ஓராண்டு கடந்திருந்தால், 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி நடுவரின் ஆணை பெற்றே பதியவேண்டும். 2023 திருத்தத்துக்குப் பின் அந்த அதிகாரம் மாவட்ட நடுவர், கோட்ட நடுவர், அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவர் ஆகியோரிடம் இருக்கிறது. இம்மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என இரண்டு கோட்டங்கள். உள்ளூர்ப் பதிவாளரிடம் “பதிவு இல்லை” என்ற சான்றை முதலில் வாங்குங்கள். அடக்கப் பதிவேட்டின் நகல் அந்த மனுவில் துணை ஆவணமாக உதவும்.

நீதிமன்றத்தில் உறவை நிரூபிக்கும் கதை வேறு. இறந்தவர்களுக்கிடையே இருந்த உறவைப் பற்றிய பழைய எழுத்து கல்லறைக் கல்லில் இருந்தாலும், குடும்ப வம்சாவளியில் இருந்தாலும் சாட்சியமாக எடுக்கத்தக்கது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு பெயர் சொல்லியே கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தில் அது 26-ஆம் பிரிவு. ஆனால் தகராறு எழுவதற்கு முன் எழுதியதாக இருக்கவேண்டும். வழக்கு வந்தபின் “இன்னார் மகன்” என்று புதுக்கல் நட்டால் பயன் இல்லை, சந்தேகம்தான் வரும்.

பழைய கல்லறையை இடிச்சு டைல்ஸ் போட்டுக் கட்டப் போறோம். ஏதாவது செய்யணுமா?

இடிப்பதற்கு முன் மூன்றாம் கேள்வியில் சொன்ன படங்களை எடுத்து, எழுத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் படியெடுத்து ஒப்பிடுங்கள். பழைய பலகையைத் தூக்கி எறியாமல் புதிய கட்டடத்தின் தலைமாட்டில் நிமிர்த்திப் பதிக்கச் சொல்லுங்கள். சிமென்ட் கலவையைப் பின்பக்கம் மட்டும் பூசவேண்டும், எழுத்துப் பக்கம் வழிந்தால் காயும் முன் துடைக்கவேண்டும். புதுப் பலகையில் கொல்லம் ஆண்டை மாற்றி எழுதுவதானால் பழையதையும் சேர்த்தே வெட்டுங்கள். வெறும் முதலெழுத்துக்குப் பதிலாகத் தகப்பன் பெயரையும் வீட்டுப்பேரையும் முழுதாகப் போடுங்கள், பெண்களுக்குப் பிறந்த ஊரையும். பெயின்டால் எழுதியது நாலைந்து மழைக்குள் போய்விடும். கருங்கல்லில் ஆழமாக வெட்டச் சொல்லுங்கள், மயிலாடியில் அதற்குக் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.